அரசனுக்குக் காலம் ஓடாது

காணி உறுதிகளையும் சத்தியக் கடதாசிகளையும் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். இருபது வருடத்துக்கு மேலாகியும் ஒரு சொல்லிடம் வந்தால் பேனை கொஞ்சம் தயங்கும். ஆட்சி. "மேற்படி காணியை நானும் எனக்கு முன் என் தகப்பனும் முப்பது வருடத்துக்கு மேலாக ஆட்சி செய்து வருகிறோம்" என்று குச்சவெளிப் பக்கத்து மீன்பிடிகாரர் ஒருவர் சத்தியக் கடதாசியில் சொல்லியிருப்பார். அவருடைய இராச்சியம் நாற்பது பேர்ச் நிலம்: ஆறு தென்னை, ஒரு கட்டுக்கிணறு, கிடுகு வேலி. அந்த நிலம் உனக்கில்லை என்று சொல்ல வருகிற அரசாங்கத்துக்கும் தமிழில் ஆட்சி என்றுதான் பேர். ஆங்கிலத்தில் இவை வேறு வேறு சொற்கள். ஒன்றைப் பார்க்கும்போது மற்றது நினைவுக்கு வராது. தமிழ் இரண்டையும் ஒரே பாயில் படுக்க வைத்திருக்கிறது. நாலு தென்னையை ஆண்டாலும் ஆண்டதுதான் என்று எங்கள் முன்னோர் நினைத்திருக்க வேண்டும்.

மீன்பிடிகாரருடைய ஆட்சிக்கு ஒரு சட்டம் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். ஒரு காணியைப் பத்து வருடம், இடையறாமல், இன்னொருவருக்கு வாடகையோ வாரமோ கொடுக்காமல், அவருக்குச் சொந்தம் என்று ஒப்புக்கொள்ளவும் செய்யாமல் ஒருவர் வைத்திருந்தால் அது அவருடையது என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. சட்டத்துக்குள் இருக்கிற பெருந்தன்மையான எண்ணங்களில் இது ஒன்று என்று எனக்குப் படும். உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கொழும்பில் இருந்தவனை விட, கிணறு வெட்டித் தண்ணீர் ஊற்றியவன் பக்கம் சட்டம் சாய்கிறது. காலம் ஒரு சாட்சியாகிறது. ஆனால் அதே சட்டத்தின் பதினைந்தாம் பிரிவுக்கு வரும்போது காலம் நின்றுவிடுகிறது: இதில் எதுவும் அரசின் உரிமைகளைப் பாதிக்காது. ஆங்கிலேய வழக்கறிஞர்கள் இதற்கொரு லத்தீன் வாக்கியம் வைத்திருந்தார்கள். அதன் பொருள், அரசனுக்குக் காலம் ஓடாது. முதல் தடவை அதைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது ஏதோ சித்தர் பாட்டின் அடி போல இருந்தது. பொருள் என்னவோ வருமானப் பரிசோதகருடையது.

இந்த வாக்கியத்தின் முழுக் கனத்தையும் நான் உணர்ந்தது புல்மோட்டையில்.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி கடந்து கடற்கரை வீதியால் வடக்கே போனால், யான் ஓயாவுக்கு அப்பால், ஏறத்தாழ 55 கிலோமீற்றரில் ஊர் வரும். அதற்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு, அதோடு மாவட்டமும் முடிகிறது. பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர். கடலும் காடும் வயலும் தவிர ஊருக்கு இன்னொன்றும் உண்டு: கறுப்பு மண். இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் கலந்த கனிய மணல். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் அதைக் கொண்டுவந்து கரையில் கோடு கோடாகப் போட்டுவிட்டுப் போகும். 1957இல் இதற்கென்று அரச கூட்டுத்தாபனம் ஒன்று உண்டானது. இந்தக் கறுப்பை அரைத்துப் பிரித்துத்தான் உலகம் தன் சுவர்களுக்கு வெள்ளை பூசுகிறது என்பது நான் பிந்தித் தெரிந்துகொண்ட விஷயம். பெயின்றுக்கு வெண்மை கொடுக்கும் டைட்டேனியம் டயொக்சைட் இதிலிருந்து வருவது.

நான் போனது மண்ணுக்காக இல்லை. ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்று அழைக்கும் ஒரு முதியவரின் கடதாசிகளை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நீலநிறப் பிளாஸ்டிக் பைல் ஒன்றைப் பாயில் கவிழ்த்தார். வீட்டு வளவுக்கு ஒரு பேமிட். காதியார் கையெழுத்திட்ட கலியாணப் பதிவு. சண்டைக்காலத்துப் பங்கீட்டு அட்டை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். ஊருக்கு மேற்கே அவருடைய வாப்பா சேனை செய்த மூன்று ஏக்கருக்கு மட்டும், அந்தக் காலத்துக் கிராமத் தலைமைக்காரர் எழுதிய ஒரு துண்டு. மடிப்பில் கிழிந்து, எழுத்துக் கரைந்து, வாசிக்க முடியாதது.

"வாப்பா வெட்டின காடு தம்பி அது. கிணத்துக்கு நான்தான் கல்லுச் சுமந்தன். சண்டைக்குள்ள அங்கால போக ஏலாமப் போச்சு. இப்ப போய்ப் பாத்தா வேம்பும் விளாத்தியும் ஆள் உசரத்துக்கு மேல. மரத்தப் பாத்துப்போட்டுக் காடு எண்டு கல்லு நட்டுட்டாங்க."

யார் நட்டார்கள் என்பதை விடுவோம். ஏன் நட முடிந்தது என்பதுதான் சுவாரசியமானது. அதற்கு விடை 1840ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று ஊகிக்கப்படும் என்றது. விட்டுவிட்டுப் பயிர்செய்யும் சேனையையும் அது விடவில்லை. கண்டிய மாகாணங்களில் அரசனின் சன்னதோ வரி கட்டிய சான்றோ காட்டினால் தப்பலாம். மற்ற இடங்களில் சேனையும் காடு அல்லது தரிசு என்றே கொள்ளப்படும். திருகோணமலை இந்த 'மற்ற இடங்களில்' சேர்ந்தது. மலைநாட்டில் கோப்பித் தோட்டத்துக்கு நிலம் தேடிய காலத்தில் செய்த சட்டம் இது. கோப்பி 1870களில் இலைநோய் வந்து அழிந்தது. சட்டம் இருக்கிறது.

'ஊகிக்கப்படும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் படிக்கத் தொடங்குகிறவர்கள் உரிமை, குற்றம், தண்டனை என்று பெரிய சொற்களின் பின்னால் போவார்கள். என்னைக் கேட்டால் எண்பிக்கும் சுமை யாருடைய தலையில் என்ற ஒரு கேள்வியிலேயே பாதிச் சட்டம் முடிந்துவிடுகிறது. குற்ற வழக்கில் அந்தச் சுமை அரசின் தலையில். எதிரி வாய் திறக்காமல் நின்றாலும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் அரசுதான் நிரூபிக்க வேண்டும். ஆடு திருடியதாகப் பிடிபட்டவனுக்கு உள்ள இந்த வசதி, தகப்பன் வெட்டிய காட்டில் நிற்கிறவனுக்கு இல்லை. ஹாஜியார்தான் காட்ட வேண்டும். எதைக்கொண்டு காட்டுவது? நிலம் பயிரிடப்பட்டிருந்தது என்பதற்கு நிலம்தான் சாட்சி. அந்தச் சாட்சியின் மேல் முப்பது வருடமாக மரம் முளைத்திருக்கிறது.

புல்மோட்டைக்குச் சற்று அப்பால் தென்னமரவாடி. பழைய தமிழ்க் கிராமம். 1984 டிசம்பரில் அந்த ஊர் மக்கள் உயிர் தப்பி ஓடினார்கள். 2009இல் சண்டை முடிந்த பிறகுதான் சில குடும்பங்கள் திரும்பி வரத் தொடங்கின. கால் நூற்றாண்டுக்கு மனிதர் இல்லாத இடத்தில் காடு என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது. முஸ்லிம் ஹாஜியாருக்கும் தென்னமரவாடித் தமிழருக்கும் அரசியலில் ஆயிரம் பிணக்கு இருக்கலாம். 1840 இருவரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. சண்டை முதலில் ஆளைத் துரத்தியது. பிறகு மரம் வளர்ந்தது. பிறகு சட்டம் வந்து மரத்தைச் சாட்சிக்கு அழைத்தது. இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது உண்மைதான். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் சண்டையால் நீதிமன்றம் போக முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்த வருடங்களைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். அயலவன் பிடித்த காணிக்கு உதவும். அரசோடு உள்ள கணக்கை அது திறக்கவேயில்லை.

இந்த யோசனைகளோடு இருந்த நாட்களில்தான் நியூ ஜேர்சியில் இருக்கிற என் அக்காவின் மகள் போன் எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கு ஓர் அறிமுகப் பாடம் எடுத்திருக்கிறாளாம். "மாமா, அங்க சட்டம் எங்கயிருந்து வருது?" என்று கேட்டாள். அவளுக்கு அது பரீட்சைக் கேள்வி. அமெரிக்காவில் விடை ஒழுங்காக வரும்: அரசியலமைப்பு மேலே, அதன் கீழே காங்கிரஸ் இயற்றும் சட்டங்கள், பிறகு நிர்வாக விதிகள், பிறகு நீதிபதிகளின் முன்தீர்ப்புகள், மத்தியில் ஒரு அடுக்கு, ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனியே ஐம்பது அடுக்கு.

நான் ஹாஜியாரின் பைலை நினைத்தேன். "இங்க ஒரு பைலுக்குள்ளயே நாலு நாடு இருக்கு பிள்ள" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை. ஒல்லாந்தர் இருந்தபோது நடந்த சட்டமே தொடரும் என்று 1799இல் ஆங்கிலேயர் பிரகடனம் செய்ததால், ஐரோப்பாவில் ஒல்லாந்தரே கைவிட்ட உரோமன் டச்சுச் சட்டம் இன்றும் எங்கள் காணிக்கு அடித்தளம். குற்றமும் வணிகமும் ஆங்கிலேயருடையது. யாழ்ப்பாணத் தமிழருக்கு, 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமை. முஸ்லிம்களுக்கு 1806இல் ஒரு கோவை, அதன் வழிவந்த 1931, 1951ஆம் ஆண்டுச் சட்டங்கள். இவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. எது எதை மூடியது என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

'வழக்கு' என்ற சொல்லைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். ஊர் நடப்பும் வழக்கு, நீதிமன்றத்தில் போடுவதும் வழக்கு. நீதிபதிகளின் தீர்ப்புகளே சேர்ந்து சட்டமாகிற ஆங்கில முறையை அவளுடைய பாடப்புத்தகம் இரண்டு அத்தியாயத்தில் விளக்குகிறது. தமிழில் அகராதியைத் திறந்தால் போதும். 'சட்டம்' அப்படியில்லை. அது தச்சனின் சொல். படத்துக்கும் கதவுக்கும் போடுவது. சட்டத்துக்குள் அடங்காத படத்தைத் தச்சன் அரிவதில்லை, சட்டத்தைத்தான் பெரிதாக்குவான். இதை அவளிடம் சொல்லவில்லை. பரீட்சைக்கு உதவாது.

நாலு நாடும் ஒரே வீட்டில் மோதிக்கொள்ளும் இடம் வாரிசுரிமை. ஹாஜியாருக்கு உறுதிக் காணி இருந்திருந்தால் அவருக்குப் பின் அது முஸ்லிம் சட்டப்படி பிரியும். மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. அவரிடம் இருப்பதோ 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த பேமிட். அந்தச் சட்டம் வாரிசு விஷயத்தில் வேறெந்தச் சட்டத்தையும் வாசலுக்குள் விடாது. பேமிட்காரர் ஒரு பின்னுரித்தாளரை எழுதிப் பதிய வேண்டும். பதியாமல் இறந்தால் அட்டவணையில் உள்ள வரிசைப்படி ஒருவருக்குப் போகும். அந்த வரிசையில் நெடுங்காலம் மகன் முதல், மகள் பிறகு. 2022இல்தான் ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளை என்று திருத்தினார்கள். ஷரீஆ மகளுக்குக் குறைவாகக் கொடுக்கிறது என்று மேடையில் பேசுகிற பலருக்கு, அரசின் சொந்தச் சட்டம் எண்பத்தேழு வருடமாக மகன் இருக்கும் வீட்டில் மகளுக்கு ஒன்றுமே கொடுக்காமல் இருந்தது தெரியாது.

பேமிட் என்பதே ஒரு விசித்திரப் பிராணி. நிலமில்லாத விவசாயிக்கு அரச காணி கொடுக்க வேண்டும், கொடுத்தால் விற்றுவிடுவான், ஆகவே விற்க முடியாதபடி கொடுக்க வேண்டும் என்ற 1920களின் யோசனையில் பிறந்தது. பேமிட் முதிர்ந்து அளிப்புப் பத்திரமானாலும் அனுமதியில்லாமல் விற்க முடியாது. ஒரு அளவுக்குக் கீழே பிரிக்கவும் முடியாது. அமெரிக்காவில் 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட குடியிருப்புச் சட்டம் 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து வருடம் குடியிருந்து பயிர்செய்தால் முழுச் சொந்தம், விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் பாடு. அங்கே அரசு குடியானவனை நம்பியது, இங்கே நம்பவில்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த 160 ஏக்கர் அதற்கு முன் யாருடையது?

மருமகள் முதல் வாரமே படித்த வழக்கு மாபரிக்கும் மடிசனுக்கும் இடையிலானது. 1803. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாதாக்கலாம் என்று தலைமை நீதியரசர் ஜோன் மார்ஷல் நிலைநாட்டிய வழக்கு. பெரிய விஷயம்தான். எனக்குப் பிடித்தது அதன் பின்னாலுள்ள சில்லறைக் கதை. வில்லியம் மாபரி என்பவருக்குச் சமாதான நீதவான் நியமனம் கிடைத்தது. ஜனாதிபதி கையெழுத்து வைத்தாயிற்று, முத்திரையும் குத்தியாயிற்று, கடதாசி மட்டும் கந்தோரில் கிடந்துவிட்டது. அதை அனுப்பாமல் விட்ட இராஜாங்கச் செயலாளர் வேறு யாருமில்லை, இதே மார்ஷல்தான். ஆட்சி மாறியது, புதியவர்கள் கொடுக்க மறுத்தார்கள். மாபரிக்கு அந்தக் கடதாசியில் உரிமை உண்டு என்று சொன்ன மார்ஷல், அதைக் கொடுக்கும்படி கட்டளையிடத் தன் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்லிவிட்டார். அமெரிக்க நீதித்துறைக்குப் பேரதிகாரம் கிடைத்தது. மாபரிக்குக் கடதாசி கிடைக்கவில்லை. இதை ஹாஜியாரிடம் சொன்னபோது, "அங்கயும் கந்தோர்க்காரன் அப்பிடித்தானா?" என்று வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்.

இருபது வருடம் கழித்து, 1823இல், அதே மார்ஷல் எழுதிய இன்னொரு தீர்ப்பு உண்டு. ஜோன்சனுக்கும் மக்கின்டோஷுக்கும் வழக்கு. ஒருவர் தரப்பு பழங்குடிகளிடம் நேரே வாங்கிய நிலம், மற்றவர் அமெரிக்க அரசிடம் வாங்கியது. நிலத்தைக் கண்டுபிடித்த நாட்டுக்கே மேலுரிமை, பழங்குடிகளுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டும், அவர்கள் அரசுக்கன்றி வேறெவருக்கும் விற்க முடியாது என்று தீர்ந்தது. வென்றவனின் நீதிமன்றம் வெற்றி கொடுத்த உரிமையை மறுக்க முடியாது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். அந்த வழக்கில் கட்சிக்காரர் இருவரும் வெள்ளையர். நிலத்தில் இருந்தவர்கள் நீதிமன்றத்தில் இருக்கவில்லை. பதினேழு வருடம் கழித்து இலங்கையில் வந்த 1840க்கும் இதற்கும் நேரடி உறவு எதையும் நான் காணவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து மொழிபெயர்த்தால் ஒரே கையெழுத்துப் போலிருக்கும்.

இதில் வேடிக்கை, அரசன் இருவரிடமும் இல்லை. அமெரிக்கர் 1776இல் அரசனைத் துரத்தினார்கள். நாங்கள் 1972இல் குடியரசானோம்; 'முடிக்குரிய காணி' அன்றிலிருந்து 'அரச காணி'. ஆனால் அமெரிக்க மத்திய அரசின் காணியிலும் எத்தனை வருடம் இருந்தாலும் ஆட்சியுரிமை பிறக்காது, இங்கும் பிறக்காது. முடியை இறக்கி வைத்தவர்கள் அதற்கு ஓடாத காலத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

மாபரி வழக்கின் அதிகாரம் எங்கள் நீதிமன்றங்களுக்கு இல்லை. சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வரும் அந்தச் சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போனால் உண்டு. சபாநாயகரின் சான்று விழுந்த பிறகு அந்தச் சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. 1978 அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை. அதைவிட எனக்கு உறுத்துவது 16(1). அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் முன்பிருந்த சட்டங்கள் எல்லாம் செல்லும் என்கிறது. பன்னிரண்டாம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு நாலு பக்கம் தள்ளிப் போனால், வாசலில் 1840 பழைய காவற்காரன் போல உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் காவற்காரனுக்கு 1979இல் ஒரு வாரிசும் வந்தது. அரச காணி உடைமை மீளப்பெறல் சட்டம், இலக்கம் 7. ஊரில் 'குவிட் நோட்டீஸ்' என்பது இதன் கீழ் வருவது. குறித்த நாளுக்குள் வெளியேறாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே போய் வாப்பா வெட்டிய காடு, நான் சுமந்த கல் என்று பேச இடமில்லை. சட்டப்படி அரசு தந்த, இன்னும் செல்லுபடியாகும் பேமிட்டோ வேறு எழுத்து அதிகாரமோ இருக்கிறதா, அது மட்டும்தான் கேள்வி. இல்லையென்றால் வெளியேற்றக் கட்டளை, மேன்முறையீடு கிடையாது. உண்மையில் என் காணிதான் என்றால், வெளியேறிய பிறகு தனியாக வழக்குப் போட்டு நிரூபிக்கலாம். முதலில் வெளியே போ, பிறகு பேசுவோம். அரச காணியைப் பணக்காரர் வளைத்துப் பிடிப்பதைத் தடுக்க இப்படியொரு சட்டம் வேண்டியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பணக்காரரிடம் எப்போதும் ஏதாவதொரு கடதாசி இருக்கும்.

மண்ணுக்கு வருகிறேன். ஒருவருடைய உறுதிக் காணியின் அடியிலேயே இல்மனைட் இருந்தாலும் அது அவருக்கில்லை. 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள் கனியங்கள் சட்டம் கனியங்களைக் குடியரசுக்கு உரியதாக்கியது. அமெரிக்காவில் நிலத்தை வாங்கியவருக்கு அதன் அடியும் பொதுவாகச் சொந்தம். டெக்சஸில் மாடு மேய்த்தவர்கள் எண்ணெயில் பணக்காரரானது அப்படித்தான். ஆனால் 1916இல் மேய்ச்சல் நிலங்களைக் கொடுத்தபோது அடியிலுள்ள கனியத்தை அமெரிக்க அரசும் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டது. எது நியாயம் என்று எனக்குள் பல நாள் வாதம் நடந்திருக்கிறது. கடல் கொண்டுவந்து போடுகிற மண் எந்த ஒரு வளவுக்காரனுக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது என்பதுதான் கடைசியில் என் பக்கம். அப்படியானால் அரசுக்கு மட்டும் எப்படிச் சொந்தம்?

இதற்கு எங்கள் உயர் நீதிமன்றமே ஒரு விடை சொல்லியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு, எப்பாவல பொஸ்பேற் வழக்கு. பொஸ்பேற் படிவை அமெரிக்கக் கம்பனிகள் சேர்ந்த ஒரு கூட்டுக்கு விடும் ஒப்பந்தத்தை எதிர்த்து அந்த ஊர்க் கமக்காரர்களும் விகாராதிபதி ஒருவரும் வழக்குப் போட்டார்கள். நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, அரசு இயற்கை வளத்தின் முழுச் சொந்தக்காரன் இல்லை, மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவன் என்ற எண்ணத்தைக் கையிலெடுத்தது. மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு, மன்னா நீ இந்த நிலத்துக்குக் காவலன் மட்டுமே என்று சொன்னதாக வரும் பழைய செய்தியையும் நினைவுபடுத்தியது. அமெரிக்காவில் இதே எண்ணம் 1892இலேயே வந்துவிட்டது. சிக்காகோக் கரையில் மிச்சிகன் ஏரியின் அடிநிலத்தை ரயில் கம்பனிக்கு எழுதிக் கொடுக்க மாநிலத்துக்கு உரிமையில்லை என்று இலினோய் வழக்கில் தீர்ந்தது.

ஹாஜியாருக்கு இதை விளக்க நான் சிரமப்படவில்லை. "பள்ளிவாசல் காணி மாதிரியா?" என்று அவரே கேட்டார். வக்பு. ஆளுக்குச் சொந்தமில்லை, நம்பிக்கையாளர் சபை பார்த்துக்கொள்ளும், விற்க முடியாது, கணக்குக் காட்ட வேண்டும். உரோமாபுரியிலிருந்து சிக்காகோ வரை சுற்றி வந்த ஒரு கோட்பாடு ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் புல்மோட்டையில் விளங்கிவிட்டது. "அப்ப கணக்கு ஆருக்குக் காட்டுற?" என்ற அவருடைய அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கிழக்கில் காணிக் கேள்வி காட்டோடும் மண்ணோடும் நிற்கவில்லை. 2020 ஜூன் 2இல் வர்த்தமானியில் ஒரு அறிவித்தல் வந்தது. கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைகளைப் பார்க்க ஜனாதிபதி செயலணி, தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அந்தச் செயலணியில் அன்று ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. புல்மோட்டைக்குப் பக்கத்தில், மணல் அரிசி மணி போலக் கிடப்பதால் பேர் வந்த அரிசிமலை இருக்கிறது; பௌத்த ஆரண்யமும் இருக்கிறது; காணிப் பிணக்கும் இருக்கிறது. இடிபாடுகள் உண்மையானவை, காக்கப்பட வேண்டியவை. என் கேள்வி அதைச் சுற்றிப் போடுகிற கோட்டைப் பற்றியது. கோடு போடும்போது உள்ளே இருப்பவன் எதையாவது நிரூபிக்க வேண்டுமா, போடுகிறவன் நிரூபிக்க வேண்டுமா?

ஐந்து வாரம் கழிந்த கையோடு, ஜூலை 9ஆம் திகதி, அமெரிக்க உயர் நீதிமன்றம் மக்கேர்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவர், தான் பழங்குடி, குற்றம் நடந்தது க்ரீக் பழங்குடி நிலம், ஆகவே ஒக்லஹோமா மாநிலம் தன்னை விசாரித்திருக்க முடியாது என்றார். க்ரீக் மக்களைத் தெற்கிலிருந்து துரத்திவிட்டு, மேற்கே இந்த நிலம் உங்களுக்கு என்று 1830களில் செய்த உடன்படிக்கைகள் இருந்தன. நூறு வருடத்துக்கு மேலாக அந்த நிலம் மாநிலத்தின் நிலம் போலவேதான் நடத்தப்பட்டு வந்தது. ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது: காங்கிரஸ் இந்த வாக்குறுதியைத் தெளிவாக இரத்துச் செய்யவில்லை, ஆகவே அது இன்னும் நிற்கிறது. முக்கியமானது அந்தச் சுமை எங்கே வைக்கப்பட்டது என்பது. நிலம் இன்னும் எங்களுடையது என்று க்ரீக் மக்கள் நிரூபிக்கத் தேவைப்படவில்லை. இல்லை என்று காட்ட வேண்டியது மாநிலத்தின் வேலையாயிற்று. இரண்டு வருடத்தில் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் இதைக் கொஞ்சம் குறுக்கியும் விட்டது. நீதிபதி ஒருவர் மாறினால் ஐந்து நாலாகும். இருந்தாலும் ஒரு தடவையாவது குடிகளுக்கு எதிராகவும் காலம் ஓடவில்லை.

ஹாஜியாரின் மூன்று ஏக்கருக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தலைமைக்காரரின் துண்டை, வாசிக்க முடிந்தவரை மொழிபெயர்த்தேன். முடியாத இடத்தில் 'எழுத்துத் தெளிவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் வீட்டு வளவைப் பற்றிக் கேட்டார். 2024இல் தொடங்கிய 'உறுமய' திட்டத்தில் பேமிட்டை முழுச் சொந்தமாக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தார். விண்ணப்பிக்கச் சொன்னேன். அதற்கு முன் பின்னுரித்தாளரைப் பதிந்துவிடுங்கள் என்றும் சொன்னேன். மனைவி இருக்கும்வரை அவருக்கு இருக்கும் உரிமை தனி. அதன் பிறகு யார் என்பதை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும், இறந்த பிறகு பதிந்தால் அது செல்லாது.

மகன்கள் இருவரும் கட்டாரில். படிவத்தில் யாருடைய பெயர் என்று கேட்டேன். பின்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்ட பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். இளைய மகளின் பெயரைச் சொன்னார், நான் எழுதினேன். திங்கட்கிழமை பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து பதிந்துவிட்டுப் போனார்.